கச்சான் காற்றும் கியர் ஆயிலும்

ஆத்தூர் ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில், கல்யாண மாப்பிள்ளை ஒருவர் கறுப்புக் கண்ணாடியும் பளபளக்கிற சட்டையுமாகக் காரின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார்.

குவைத்திலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் என்று வந்து இறங்கிய மனிதர். அவ்வளவு தூரத்திலும் யாரும் அவரை எதையும் தள்ளச் சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் வீட்டு வாசலை மிதிக்கப்போகிற நேரத்தில் நான் சொன்னேன்.

நான்தான் டிரைவர். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். யாராவது ஒருவர் பிடிக்க வேண்டுமே.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறியது, கார் ஏறவில்லை. மேடைப் பேச்சாளர் மாதிரி முழங்கியது, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆற்றில் கிடந்த எருமைகள் எழுந்து நின்று எங்களைப் பார்த்தன.

மாப்பிள்ளையின் தாய்மாமா மீரான் காக்கா முன்சீட்டில் இருந்தார். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மருமகனை அழைத்துப்போக ரயிலடிக்கு வந்தவர். தனக்கு வயசாகிவிட்டதென்று சொல்லி, தள்ள இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. கியர்ல ஆயில் செத்துப்போச்சு. கடைசியா எப்பம் மாத்துன?"

"அது மாத்துததுக்குள்ளதா காக்கா?" என்றேன்.

அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

இடது காலுக்கு வேலையில்லை

இந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடற்கரை ரோட்டில் அது போனால் பாதி ரோட்டுக்கு நிழல் விழும்.

அமெரிக்கக் கார். கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சொந்த ஊருக்கே திரும்பிப் போகும்போது, எங்கள் கஸ்பார் அண்ணாச்சியிடம் விட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு இரண்டு தோணி. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்மரத் தோணிகள். அலையைப் பார்த்தே தோணியின் வேகத்தைச் சொல்லுவார். கார் விஷயத்தில் ஹாரன் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

அந்தக் காருக்கு ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை D என்ற எழுத்துக்கு நேரே தள்ளிவிட்டு வலது காலால் மிதித்தால் போதும், போகும். இடது காலுக்கு வேலையே இல்லை. அதற்கென்று நான் ஒரு சின்ன மெத்தை போட்டு வைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்பு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவராமல் நான் வெளியே வந்தபோது, அண்ணாச்சிதான் இந்தக் காரில் ஏற்றி உட்காரவைத்தார். ஓட்டப் பழகியது இதில். லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டியதும் இதில்தான். ஆகவே நான் முறையான டிரைவர். ஆனால் உலகத்தில் இந்த ஒரு காருக்கு மட்டும் டிரைவர்.

ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு உப்பு லாரியில் ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை விட்டேன். லாரி தவளை மாதிரி தாவித் தாவிப் போய், அது எந்தக் குவியலிலிருந்து உப்பு ஏற்றியதோ அந்தக் குவியலுக்குள்ளேயே முகத்தைக் குத்திக்கொண்டு நின்றது. அன்றைக்கு ஊரில் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒத்தக்கால் சவேரி. பாதிரியார்கூடப் பூசை முடிந்து வெளியே வரும்போது அப்படித்தான் கூப்பிட்டார்.

இந்தக் கார் படுத்தால் நானும் படுத்தேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். கிளட்ச் இல்லாத கார் நம்ம ஜில்லாவில் வேறு எங்கேயாவது இருந்தால் யாராவது எழுதித் தெரிவியுங்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகாத மாசமே இல்லாத கார்

வெள்ளைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது சீல் உடைக்காத ஆயில் டின்கள் சிலவும் கொடுத்தார். இந்தக் கியருக்குள்ளே சிவப்பு ஆயில் இருக்கிறது, இத்தனை மைல் ஓடினால் இதை மாற்று என்று அண்ணாச்சிக்குப் படித்துப் படித்துச் சொன்னார். அண்ணாச்சியும் தலையை ஆட்டினார். மைல் காட்டுகிற மீட்டர் அதற்கு முன்னமே நின்றுபோயிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அண்ணாச்சிக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. மராமத்து என்றால் எப்போது என்பது அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். கச்சான் காற்று எழும்பினால் தோணி கடலுக்குப் போகாது. மேற்கேயிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகவே தோணியை இழுத்துக் கரையில் ஏற்றுவார்கள். பலகையைச் சுரண்டி, இடுக்கை அடைத்து, சுறா எண்ணெய் பூசிக் காயப்போடுவார்கள். காற்று ஓய்ந்த பிறகுதான் திரும்ப இறக்குவது. ஓடுகிற காலத்தில் தோணியில் ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் அதிலேயே தண்ணீர் புகும் என்பார்கள்.

இந்தச் சட்டத்தையே அண்ணாச்சி காருக்கும் போட்டுவிட்டார். கார் ஓய்ந்து கரையில் கிடக்கும்போது ஆயில் மாற்றலாம். டின்களைப் பாய்மரமும் கயிறும் கிடக்கிற கிட்டங்கியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

கார் ஓய வேண்டுமே! அதுதான் நடக்கவில்லை. ஜில்லாவில் கல்யாணம் என்றால் இந்தக் காரைத்தான் கேட்பார்கள். ஆற்றங்கரை வயல்காட்டு ஊர்க்காரர்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. எங்கள் வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, ஆடியில் தடையில்லை, தவக்காலத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டியும்தான் கோயிலில் கல்யாணம் கிடையாது. அந்தத் தவக்காலத்தில் ஆழ்வார்திருநகரிப் பக்கம் பங்குனி முகூர்த்தம் வந்துவிடும். மார்கழியில் இரண்டு பக்கமும் ஓய்ந்ததே, அப்பாடா என்று நான் காலை நீட்டினால், காயல்பட்டினத்திலிருந்து ஆள் வரும். வளைகுடா மாப்பிள்ளைக்கு மாசம் ஏது? லீவு கிடைத்தால் அதுதான் முகூர்த்தம்.

மூன்று மதமும் சேர்ந்து ஒரு கியர்ப் பெட்டியைக் கொன்ற கதை இது. மத ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையின் கைக்குட்டை

பாலத்து மேட்டுக்குத் திரும்பி வருகிறேன். மாப்பிள்ளையும், சைக்கிளில் போன நாலைந்து பேரும் தள்ளி ஒருவழியாக உச்சிக்கு ஏற்றினார்கள். அதற்கு அப்புறம் சமதளம்.

இன்ஜினை அணைக்க வேண்டாம், கம்பியை P என்ற எழுத்துக்குக் கொண்டுவா என்று மீரான் காக்கா சொன்னார். இவர் குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்து திரும்பியவர். அங்கே எல்லாமே இந்த ஜாதிக் கார்தானாம். அதைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தார். குவைத்தில் ரோடு எப்படி, வெயில் எப்படி, ஒட்டகம் குறுக்கே வந்தால் எப்படி என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பானெட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரு மூலையில் நீளமான அளவுகம்பி ஒன்று இருந்தது. இத்தனை காலத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. அதை உருவிவிட்டு, வெள்ளைத் துணி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருந்தது எதுவும் வெள்ளை என்று சொல்லத் தக்கதில்லை. மாப்பிள்ளை பையிலிருந்து சென்ட் மணக்கிற கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். காக்கா கம்பியை அதில் துடைத்தார்.

கருப்பட்டிக் காப்பி. அதிலும் அடியில் தங்கின மண்டி. முகர்ந்து பார்த்தேன். அடுப்பில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசப்போன பால்சட்டி மாதிரி கருகல் வாடை.

"இங்கன பாரு. சிவப்பா இருந்தா ஓட்டு. நெறம் மங்கித் தவிட்டு நெறமாச்சுன்னா மாத்து. இப்படிக் கருத்து, கருகல் வாடை வந்துட்டா ஓட்டவே கூடாது. மைலும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். துணியும் மூக்கும் போதும்."

கைக்குட்டையை மடித்து மருமகனிடம் திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் ஆற்றைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு காயல்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். வருகிற வியாழக்கிழமை மாப்பிள்ளைக்குக் கல்யாணம். அதற்கும் இந்தக் கார்தான். ஆயில் இருந்தால் தானே வந்து மாற்றித் தருவதாகக் காக்கா சொன்னார். ஆனால் ரொம்பக் கருகிவிட்டால் மாற்றினாலும் சில கியர் எழுந்திருக்காது, அது அல்லாஹ் விட்ட வழி என்றும் சொன்னார். இடது காலுக்கு வேலை வந்துவிடுமோ என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மூணாவது தோணி

மாப்பிள்ளை கார் தள்ளிய செய்தி எனக்கு முன்னால் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். கயத்தாற்றில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்றும், எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி ஒரு உள்ளூர்க் காரை வாங்கப்போகிறார் என்றும் அமைதியாகச் சொன்னார்.

உள்ளூர்க் கார் என்றால் கிளட்ச். கிளட்ச் என்றால் சவேரி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காக்கா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். சாவியைக் கொடுங்கள், நாளைக்கே மாற்றிவிடலாம் என்று கெஞ்சினேன். அண்ணாச்சி அசையவில்லை.

"ஓடுத ஓட்டத்துல எவனாவது தோணியப் பிரிப்பானாலே? வியாழக்கிழம கல்யாணத்த வச்சுக்கிட்டு இன்னைக்குப் பிரிக்கச் சொல்லுத. கரையில ஏறாத ஒண்ணுல நான் கை வைக்க மாட்டேன்."

தர்க்கம் பேசி அவரை ஜெயித்தவர் யாரும் கிடையாது. கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் இங்கிலீஷிலேயே முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள். நான் கடற்கரைப் பக்கம் பார்த்தேன். ஆனி மாசம். கச்சான் மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் இரண்டு தோணியும் கரையேறி, கழி முட்டுக்கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அப்போதுதான் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தான். சனி என்று இப்போது சொல்லுகிறேன். அப்போது அது பரிசுத்த ஆவி என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க ரெண்டு தோணியும் சொகமா கரையில கெடக்கு. மூணாவது மட்டும் இந்தக் கச்சான்ல கடல்ல கெடந்து சீரழியுது. ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பெற்ற பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் சோறு போட மறந்துவிட்டவர் போல ஆகிவிட்டார்.

"அத மொதல்லயே சொல்லணும்லா," என்றார்.

கரையேற்றம்

மறுநாள் காலையில் பெரிய தோணியின் தண்டல் இன்னாசி, ஆட்களோடு வந்துவிட்டார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். காற்று, பாய், சுக்கான், ஆட்கள் எல்லாம் அவர் சொல்படிதான்.

நானே ஓட்டிக் கரையில் ஏற்றிவிடுகிறேனே என்றேன். தோணி தானாக நடந்து கரையேறியதை எங்காவது பார்த்திருக்கிறாயா என்று அண்ணாச்சி கேட்டார். பனந்தடிகளை மணலில் பரப்பினார்கள். முன் பம்பரில் வடம் கட்டினார்கள். நான் கம்பியை N என்ற எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இன்னாசித் தண்டல் அம்பா எடுத்தார். வடம் இழுக்கும்போது பாடுகிற பாட்டு அது. கூட்டத்துக்குத் தகுந்தபடி அந்தந்த இடத்திலேயே வரி கட்டுவார்கள். அன்றைக்கு எல்லா வரியும் என் இடது காலைப் பற்றியே இருந்தது. பத்திரிகையில் போடத் தக்க வரி அதில் ஒன்றுகூட இல்லை.

கார் அசைந்து அசைந்து இரண்டு தோணிக்கும் நடுவில் போய் நின்றது. அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

நான் சொல்லியனுப்பியபடி மீரான் காக்கா காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு தோணிக்கு நடுவில் கார் நிற்பதைப் பார்த்து மூன்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குவைத்தில் இப்படி ஒரு வொர்க்ஷாப் அவர் பார்த்ததில்லை.

அடியில் படுத்து ஆயில் தட்டைக் கழற்றினார். தார் மாதிரி கொட்டியது. ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சுறா எண்ணெயைக் கையால் அள்ளிப் பூசுகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்த வலையை மண்ணெண்ணெயில் அலசினார். தட்டை மாட்டினார். டின்னை உடைத்துப் புனல் வைத்து ஊற்றினார்.

சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. மாதுளம்பழத்தைப் பிழிந்தது மாதிரி இறங்கியது. இன்னாசித் தண்டல் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அந்த நேரத்தில் மற்ற ஆட்கள் சும்மா இருக்கவில்லை. கரையேறினதற்கு என்ன உண்டோ அத்தனையும் செய்தார்கள். காரின் அடிப்பக்கம் முழுவதும் சுறா எண்ணெய் பூசினார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சுற்றிச் சுற்றி ஓடினேன். துருப்பிடிக்காது என்று அண்ணாச்சி சொன்னார். உண்மைதான், துருப்பிடிக்கவில்லை. அந்த வாடைக்குப் பயந்தே துரு வரவில்லை என்று நினைக்கிறேன்.

காக்கா இன்ஜினை ஓடவிட்டு, கம்பியை ஒவ்வொரு எழுத்துக்கும் தள்ளி நிறுத்தி நிறுத்தி, அளவுகம்பியை உருவிப் பார்த்தார். குறைந்ததற்கு ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்து, போடு என்று கையைக் காட்டினார்.

நான் D போட்டேன். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல், வெண்ணெயில் விரல் இறங்குகிற மாதிரி முன்னால் நகர்ந்தது. ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

"நிறுத்துலே," என்றார் அண்ணாச்சி. "எங்கன போற?"

"வியாழக்கிழம காயப்பட்டினத்துக் கல்யாணம்லா அண்ணாச்சி. வீட்டுல கொண்டுபோய் வச்சுக் கழுவணும்."

"கச்சான் ஓயாம எப்படிலே எறக்குவ?"

நான் போட்ட மூணாவது தோணிக் கணக்கு என் தலையிலேயே வந்து விழுந்தது. மீரான் காக்காதான் சண்டைக்குப் போனார். வேலை முடிந்தது, கியர் பிழைத்தது, கல்யாணத்தை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி அவர் தோளில் மரியாதையாகக் கையை வைத்தார்.

"காக்கா, ஒங்க பாட்டனாரும் கப்பல் வச்சிருந்தவுக. கரையில ஏத்துனத இந்தக் காத்துல எறக்குவாவளா? நீங்களே சொல்லுங்க."

காக்கா கடலைப் பார்த்தார். கச்சானில் அது நுரைத்துக்கொண்டிருந்தது. இறக்குவார்கள் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

காத்து பார்க்கிற வேலை

மாப்பிள்ளை, மச்சினனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கல்யாண வீட்டுக்குப் போனார். பெண் வீடு இருந்த குறுகலான சந்துக்குப் பிற்பாடு போய்ப் பார்த்தேன். நம்ம கார் நுழைந்திருந்தால் கல்யாணக் கூட்டம் ஜன்னல் வழியாகத்தான் இறங்கியிருக்கும். அதைக் காக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கயத்தாற்று இரும்புக்காரர் அந்த வாரமே லாரியோடு வந்தார். அண்ணாச்சி அவரை மணலுக்குள் கால் வைக்கவே விடவில்லை. கரையில ஏறுன தோணிய எவனும் விப்பானா என்று கேட்டு, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். என் உத்தியோகம் அந்தச் சோடாவோடு பிழைத்தது. இரண்டு தோணிக்கும் நடுவில் நின்று நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ ஏம்லே இங்கன நிக்க?"

"வண்டியப் பாத்துக்கிட வேண்டாமா அண்ணாச்சி?"

"தோணி கரையில ஏறிட்டா தண்டலுக்கு என்னலே வேல? இன்னாசி வீட்டுக்குப் போயாச்சு. நீயும் போ. காத்து ஓஞ்சதும் சொல்லிவிடுதேன்."

தோணிக்காரர்களுக்கு இது பழக்கம். கச்சான் காலத்தில் வேலை கிடையாது. கடற்கரையில் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்கள், பீடி குடிப்பார்கள், காற்று எப்போது மாறும் என்று விவாதம் பண்ணுவார்கள். அந்த வரிசையில் நானும் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் சிரித்தார்கள். அப்புறம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுத்தார்கள். இன்னாசித் தண்டல் காலையில் வந்ததும் ஒரு விரலை நனைத்து உயரே தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்ப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் விரலை நனைத்துத் தூக்கினேன்.

ஒருநாள் அவர் என் விரலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே சவேரி, ஒன் வண்டி பெட்ரோல்லதான ஓடுது?"

"ஆமா தண்டலே."

"பெறகு எதுக்கு என்கூட ஒக்காந்து காத்து பாக்க?"

"அண்ணாச்சிகிட்ட நீங்களே கேளுங்க."

அவர் கேட்கவில்லை. பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, இன்னொரு தடவை விரலை நனைத்துத் தூக்கினார். கச்சான் அன்றைக்கும் நன்றாகவே அடித்தது.